சுயவிவரத்தில் சாதிக்கு என்ன வேலை?

கடந்த 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்பதே அது. அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டது என்று காரணமும் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில், அரசின் நலத்துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகள் இனி ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு தன் அறிக்கையை அளித்தது. ‘ஆதிதிராவிடர் நல’, ‘கள்ளர் சீரமைப்பு’ போன்ற முன்னொட்டுகளை நீக்கிவிட்டு, அவற்றை அரசுப் பள்ளிகள் என்றே அழைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

காலனி, விடுதி, பள்ளி. இந்த மூன்று சொற்களும் ஒரே தாளில் வரிசையாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. பயோடேட்டா என்றும் ரெஸ்யூம் என்றும் நாம் சொல்லும் சுயவிவரம்தான் அது. அரசு தன் ஆவணங்களைத் திருத்தத் தொடங்கிவிட்டது. நம் பிள்ளைகள் வேலை கேட்டு எடுத்துச் செல்லும் தாளோ இன்னும் பழையபடியே இருக்கிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மருத்துவமனைகள், வங்கிக் கிளைகள், காப்பீட்டு அலுவலகங்கள், கணினி நிறுவனங்கள் என்று வேலை தரும் இடங்கள் நிறைய இருக்கின்றன. ஓமலூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் பேருந்தில் வந்து இறங்கும் இளைஞர்கள், அந்த அலுவலகங்களின் வரவேற்பு மேசைகளில் சுயவிவரத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். “பார்த்துட்டு கூப்பிடுறோம்” என்பது பெரும்பாலும் கிடைக்கும் பதில். உள்ளே மாமா இருக்கிறார், அப்பாவின் நண்பர் இருக்கிறார் என்றால் அந்தத் தாள் வெறும் சம்பிரதாயம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உள்ளே யாரும் இல்லை. அவர் சார்பில் பேச அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. அது என்ன பேசுகிறது என்பதை நாம் கவனித்தாக வேண்டும்.

ஜாதகமா, சுயவிவரமா?

நம் மாவட்டத்து இளைஞர்களின் சுயவிவரங்கள் பல, பிரவுசிங் சென்டர் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மாதிரியிலிருந்து பிறக்கின்றன. யாரோ எப்போதோ தயாரித்த அந்த மாதிரியில் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றி அச்செடுத்துத் தருகிறார்கள். முந்தைய ஆளின் தந்தை பெயர் அப்படியே தங்கிவிட்ட சுயவிவரங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாதிரியில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். தந்தை பெயர், தந்தை தொழில், பிறந்த தேதி, பாலினம், மதம், சாதி அல்லது வகுப்பு, திருமணமானவரா, நிரந்தர முகவரி, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. இத்தோடு நட்சத்திரமும் கோத்திரமும் சேர்த்தால் கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிடலாம். பெண் பார்க்கப் பயன்படும் தாளும் வேலை கேட்கப் பயன்படும் தாளும் நம் ஊரில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்விகளை, கணக்கு எழுதும் வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் கேட்காமலேயே நாம் நிரப்பிக் கொடுக்கிறோம்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெருமளவு மறைந்ததற்கு நீண்ட போராட்ட வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது அதில் முக்கியமான திருப்பம். அதனால்தான் நமக்கெல்லாம் பெயரும் இனிஷியலும் மட்டும் போதுமானதாக இருக்கிறது. ஆனால், பெயரிலிருந்து வெளியேறிய சாதி சுயவிவரத்தின் மற்ற கட்டங்களில் குடியேறிவிட்டது. ‘மேற்குக் காலனி’ என்ற முகவரி, ‘அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி’ என்ற பள்ளிப் பெயர், ‘கூலி’ அல்லது ‘தூய்மைப் பணி’ என்ற தந்தை தொழில். பட்டப்பெயர் செய்யும் வேலையை இம்மூன்றும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

‘இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்? திறமை இருந்தால் வேலை’ என்று சொல்பவர்கள் உண்டு. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோரட்டும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் அட்டெவெலும் நடத்திய ஆய்வு 2007 அக்டோபரில் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். மொத்தம் 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தகுதிகள் ஒன்றுக்கொன்று இணையானவை. பெயர்கள் மட்டும் வேறு. சில பெயர்கள் உயர்சாதி இந்துப் பெயர்கள், சில தலித் பெயர்கள், சில முஸ்லிம் பெயர்கள்.

அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பை உயர்சாதிப் பெயருக்கு 1 என்று வைத்துக்கொண்டால், அதே தகுதியுள்ள தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. நேர்காணலில் வாய் திறப்பதற்கு முன்பே, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, தாளிலேயே நடந்துவிட்ட வடிகட்டல் இது.

அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய இன்னோர் ஆய்வு வந்தது. டெல்லிப் பகுதி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதப்பட்டது. தாங்கள் திறமையை மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’யும் முக்கியம் என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வந்தால்தான் நல்ல ஊழியராக இருப்பார் என்பது அவர்களின் நம்பிக்கை. ‘அப்பா என்ன பண்றார்?’ என்ற கேள்வி நம் ஊர் நேர்காணல்களிலும் கேட்கப்படுவதுதான். சுயவிவரத்தில் தந்தை தொழில் என்று ஒரு கட்டம் இருந்தால், அந்தக் கேள்விக்கு நாமே முன்கூட்டிப் பதில் அனுப்பிவிடுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அபிஜித் பானர்ஜி, மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் 371 வேலைகளுக்கு 3,160 சுயவிவரங்களை அனுப்பிச் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மென்பொருள் வேலைகளில் சாதிவாரியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில்தான் வேறுபாடு தெரிந்தது. உயர்சாதிப் பெயர்களுக்குக் கிடைத்த அழைப்புகள் இதர பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்குக் குறைந்தன. பட்டியல் சாதிப் பெயர்களுக்கும், சற்றுக் குறைந்த அளவில், அதே நிலைதான்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. திறமையை அளந்து காட்ட முடிகிற வேலையில் பெயரின் கனம் குறைகிறது. ‘பேச்சு, தோற்றம், பழக்கவழக்கம்’ என்று அளக்க முடியாதவற்றை வைத்து முடிவெடுக்கும் வேலையில் பெயரின் கனம் கூடுகிறது. அப்படியென்றால் நம் சுயவிவரத்தில் அளந்து காட்டக்கூடிய விஷயங்கள் பெருக வேண்டும். ஊகத்துக்கு இடம் தரும் கட்டங்கள் குறைய வேண்டும்.

எதை எடுக்க வேண்டும்?

தனியார் வேலைக்கான சுயவிவரத்திலிருந்து சாதி, மதம், தந்தை தொழில், திருமண நிலை ஆகிய கட்டங்களை முழுவதுமாக எடுத்துவிடலாம். தந்தை அல்லது கணவர் பெயரும் தேவையில்லை. இனிஷியல் போதும். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றைச் சுயவிவரத்தில் எழுதவே கூடாது. அந்தத் தாள் எத்தனை கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. விளம்பரத்தில் கேட்டிருந்தால் ஒழிய, புகைப்படமும் வேண்டியதில்லை.

முகவரிக்கு ஊரும் மாவட்டமும் போதும். ‘ஓமலூர், சேலம் மாவட்டம்’ என்று எழுதினால் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார் என்பது வேலை தருபவருக்குத் தெரிந்துவிடும். கதவு எண்ணும் தெருப் பெயரும் பணி நியமனக் கடிதம் அனுப்பும்போது கேட்டால் கொடுக்கலாம். நகரத்தில் மனைப்பிரிவுகளுக்குக் ‘காலனி’ என்று பெருமையாகப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். கிராமத்தில் அதே சொல் வேறு பொருளில் படிக்கப்படுகிறது. அந்தப் பொருளை வேலை தருபவரின் மேசை வரை நாம் சுமந்துபோக வேண்டியதில்லை.

பள்ளிப் பெயர் விஷயத்தில் கவனம் தேவை. பள்ளியின் பெயரை மாற்றி எழுதக் கூடாது. சான்றிதழ் சரிபார்க்கும்போது அது பொய்யாகிவிடும். பட்டம் பெற்றவர் பள்ளிப் பெயரையே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘மேல்நிலைக் கல்வி, தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம், 2021, 82 சதவீதம்’ என்று எழுதினால் அது முழு உண்மை. பள்ளி எது என்று நேரில் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்லலாம். விடுதியில் தங்கிப் படித்தது சுயவிவரத்தில் வர வேண்டிய தகவலே அல்ல.

எதைச் சேர்க்க வேண்டும்?

நம் இளைஞர்களின் சுயவிவரங்களில் எழுதப்பட்டதைவிட விடுபட்டதுதான் அதிகம். ‘அனுபவம்: இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேசிப் பார்த்தால், கல்லூரிக் காலம் முழுக்க வேலை செய்தவராக இருப்பார். நாமக்கல்லில் முட்டைக் கிடங்கில் இருப்பு எண்ணியிருப்பார். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதியிருப்பார். திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் அலுவலகத்தில் ரசீது போட்டிருப்பார். பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்த்திருப்பார். சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போயிருப்பார். சமையல் ஒப்பந்தக்காரரோடு போய் கல்யாணப் பந்தியில் பரிமாறியிருப்பார். இதெல்லாம் கூலி வேலைதானே, இதை எப்படி எழுதுவது என்று கூச்சப்படுகிறார்கள்.

அந்தக் கூச்சத்தை நம்மீது ஏற்றியது யார் என்று யோசிக்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை சித்தப்பாவின் நிறுவனத்தில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அது ‘இன்டர்ன்ஷிப்’ ஆகிறது. நம் பிள்ளை 3 ஆண்டுகள் வார இறுதியில் உழைத்தது ‘அனுபவம் இல்லை’ ஆகிறது.

எழுதும் முறைதான் வேறுபாடு. ‘முட்டைக் கிடங்கில் கூலி வேலை’ என்பதற்குப் பதிலாக, ‘பகுதிநேரக் கிடங்கு உதவியாளர், நாமக்கல், 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை: அன்றாட வரவு, ஏற்றுமதி எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதினேன், உடைசல் கணக்கைத் தனியாகப் பராமரித்தேன், லாரி ஓட்டுநர்களிடம் ரசீது சரிபார்த்தேன்’ என்று எழுதலாம். இதில் பொய் ஒன்றுமில்லை. செய்த வேலையை வேலையின் மொழியில் சொல்கிறோம், அவ்வளவுதான். எங்கே, எவ்வளவு காலம், என்ன செய்தேன், எவ்வளவு செய்தேன் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் அது அனுபவம். எண்ணிக்கை நினைவிருந்தால் எழுத வேண்டும். நினைவில்லாத எண்ணைப் புனையக் கூடாது. நேர்காணலில் முதலில் நோண்டப்படுவது அதுதான்.

கல்லூரியில் செய்த புராஜெக்ட் பற்றியும் இப்படித்தான். தலைப்பை மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 4 பேர் சேர்ந்து செய்திருந்தால் அதில் உங்கள் பங்கு என்ன என்று ஒரே வரியில் சொல்லுங்கள். தெரிந்த திறன்களில், நேரில் உட்கார வைத்தால் செய்து காட்டக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். டேலியில் பில் போடத் தெரியும், எக்செல்லில் கணக்குத் தாள் தயாரிக்கத் தெரியும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு தெரியும் என்று குறிப்பாகச் சொல்வது, ‘கணினி அறிவு உண்டு’ என்று பொதுவாகச் சொல்வதைவிடப் பயன் தரும்.

‘சவாலான சூழலில் பணியாற்றி என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ‘அப்ஜெக்டிவ்’ வரிகள் எல்லாச் சுயவிவரங்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆள் எடுப்பவர் அதைப் படிப்பதே இல்லை. அந்த இடத்தில் உங்களைப் பற்றி 2 வரிகள் போதும். ‘வணிகவியல் பட்டதாரி. 2 ஆண்டு கிடங்குக் கணக்கு அனுபவம். டேலி தெரியும். சேலத்தில் உடனே பணியில் சேர இயலும்’ என்பது போல.

தாளின் ஒழுங்கு

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். ஏ4 தாள், நான்கு பக்கமும் ஓரளவு இடைவெளி, ஒரே எழுத்துரு, 11 அல்லது 12 அளவு. மேலே பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல். அடுத்து உங்களைப் பற்றிய 2 வரிகள். பிறகு அனுபவம், கல்வி, திறன்கள் என்ற வரிசை. அனுபவம் குறைவென்றால் கல்வியை முன்னால் வைக்கலாம். கல்வியிலும் அனுபவத்திலும் அண்மையில் முடித்தது மேலே வர வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம்.

நடிகர் பெயரையோ செல்லப் பெயரையோ வைத்துத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி இருந்தால், வேலைக்கென்று உங்கள் பெயரிலேயே புதிதாக ஒன்று தொடங்குங்கள். அண்ணன் எண், கடைக்காரர் எண் என்று எழுதாமல், கூப்பிட்டால் நீங்களே எடுக்கும் எண்ணைக் கொடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்து எண் மாறிவிட்டால், ஏற்கெனவே கொடுத்த இடங்களுக்குத் தெரிவியுங்கள். நேர்காணல் அழைப்பு தவறிப்போவது இப்படியும்தான்.

பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. கட்டம் கட்டிய அட்டவணை, 2 பத்தியாகப் பிரித்த பக்கம், படம், வண்ணப் பட்டை போன்றவை அந்த மென்பொருளைக் குழப்பக்கூடும். எளிய வடிவமே நல்லது. விளம்பரத்தில் வேலைக்குத் தேவை என்று சொல்லப்பட்ட திறன்கள் உங்களிடம் இருந்தால், அதே சொற்களில் எழுதுங்கள். மென்பொருள் அந்தச் சொற்களைத்தான் தேடுகிறது. கோப்பை பிடிஎஃப் ஆக மாற்றி, உங்கள் பெயரைக் கோப்பின் பெயராக வைத்து அனுப்புங்கள். தமிழில் எழுதினால் யூனிகோட் எழுத்துருவில் எழுதுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்தவர் கணினியில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும்.

அனுப்பும் முன் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தாலும், ‘சரியாகப் படிக்கவில்லை’ என்ற முன்முடிவுக்கு அது சாட்சியாகிவிடும். மற்றவருக்கு மன்னிக்கப்படும் பிழை நமக்கு மன்னிக்கப்படுவதில்லை என்பது நியாயமில்லைதான். ஆனாலும் அதுவே நடைமுறை.

அடையாளத்தை மறைக்கச் சொல்கிறோமா?

இந்த யோசனைகளைச் சொல்லும்போது இயக்கத் தோழர்கள் கோபத்தோடு கேட்பார்கள். ‘நம் அடையாளத்தை மறைத்து வாழச் சொல்கிறீர்களா? காலனி என்று சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் நாமா?’ என்பது அவர்களின் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவர்கள்தான்.

அமெரிக்காவில் கருப்பின இளைஞர்களும் இதே கேள்வியை எதிர்கொள்கிறார்கள். சோனியா காங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. கருப்பின மாணவர் அமைப்பில் பணியாற்றியது போன்ற அடையாளங்களை விட்டுவிட்டு அனுப்பிய சுயவிவரங்களுக்கு 25 சதவீதம் அழைப்பு வந்தது. அந்த அடையாளங்களோடு அனுப்பியவற்றுக்கு 10 சதவீதம் மட்டுமே. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. ‘நாங்கள் எல்லோரையும் வரவேற்கிறோம்’ என்று விளம்பரத்திலேயே அறிவித்த நிறுவனங்களும் இதே அளவுக்குப் பாகுபாடு காட்டின. அந்த அறிவிப்பை நம்பி அடையாளத்தை வெளிப்படையாக எழுதியவர்களுக்கு இழப்பு கூடுதல்.

சாதிக் கட்டத்தையும் தந்தை தொழில் கட்டத்தையும் நீக்குவதை நான் மறைப்பது என்று பார்க்கவில்லை. கேட்க உரிமையில்லாத ஒன்றைக் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கில்லை. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. ஆகவே அங்கே சாதியை எழுதுவதால் விண்ணப்பதாரருக்குச் சட்டப்படி கிடைக்கும் பயன் எதுவும் இல்லை. அந்தத் தகவலால் நேரக்கூடியது பாதகம் மட்டுமே.

உண்மையிலேயே கடினமான இடம் வேறொன்று. ஓர் இளைஞர் அம்பேத்கர் பெயரிலான மாலைநேரப் பாடசாலையில் 2 ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பெருமைக்குரிய அனுபவம். வேலைக்கும் பொருத்தமானது. கட்டாயம் எழுத வேண்டும். ‘6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 2 ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன்’ என்ற வரியில் சமரசம் வேண்டாம். அமைப்பின் பெயரை எழுதுவதா என்பதை அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல் சம்பளத்துக்காக வீடே காத்திருக்கும்போது அந்தப் பெயரை விட்டுவிடுபவரைக் கோழை என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. எழுதியே அனுப்புவேன் என்பவரை விவரம் தெரியாதவர் என்று சொல்லவும் கூடாது.

தகுதி மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற மயக்கமும் வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றிலிருந்து விரட்டப்பட்டார். அவருடைய படிப்புக்கு இணையான சுயவிவரம் அன்று அந்த அலுவலகத்தில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? நல்ல சுயவிவரம் கதவைத் தட்ட உதவும். கதவைத் திறக்கும் பொறுப்பு உள்ளே இருப்பவருடையது.

சாதியை எழுதியே ஆக வேண்டிய இடம்

மேலே சொன்னதெல்லாம் தனியார் வேலைக்கு மட்டுமே. அரசு வேலை விண்ணப்பத்தில் வகுப்புவிவரம் நம் உரிமைக்கான ஆவணம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதமும் பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. அந்த 18 சதவீதத்துக்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. சட்டப்படி அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா ஆகிய 7 பிரிவினர் இதில் வருகிறார்கள். அருந்ததியர் அதிகம் வாழும் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இதைக் கவனித்து நிரப்ப வேண்டும். சாதிச் சான்றிதழில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் எழுத வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளி, கல்லூரிகளிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு விண்ணப்பத்துக்கு ஒரு கோப்பு, தனியார் வேலைக்கு ஒரு கோப்பு என்று இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. இரண்டையும் கலந்து ஒரே தாளில் எழுதியதால்தான் சாதிக் கட்டம் தனியார் சுயவிவரத்துக்குள்ளும் நுழைந்தது.

கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் பதிவு செய்வதோடு நின்றுவிட வேண்டாம். அங்குள்ள தன்னார்வ பயிலும் வட்டத்தையும், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளில் சேர்ந்தால், பயிற்சியின் பெயர், காலம், கற்றுக்கொண்டது ஆகியவற்றைச் சுயவிவரத்தில் எழுதலாம். பயிற்சியை நடத்திய நிறுவனத்தின் பெயரே போதும். எந்தத் திட்டத்தின்கீழ் என்பது தேவையில்லை.

வேலை தருபவர்கள் செய்ய வேண்டியது

இவ்வளவையும் விண்ணப்பிப்பவரே செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி நியாயம்கூட ஆகாது. தீண்டாமையின் பேரில் ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுப்பதை 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்ட திருத்தமும் வேலைவாய்ப்பைத் தடுப்பதைக் குற்றங்களின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. வராத தொலைபேசி அழைப்புக்குச் சாட்சி ஏது? எந்தக் காவல் நிலையத்தில் போய், ‘என்னைக் கூப்பிடவில்லை’ என்று புகார் எழுதுவது? ஆள் எடுக்கும் நடைமுறையே மாறினால்தான் இதற்குத் தீர்வு.

பிரிட்டனில் 2015-ல் அரசுப் பணித் தேர்வுகளில் விண்ணப்பதாரரின் பெயரை மறைத்துப் பரிசீலிக்கும் முறை அறிவிக்கப்பட்டது. சில பெரிய தனியார் நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. இங்கே அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

மாவட்ட நிர்வாகம் நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு ஒரே பொதுப் படிவம் இருக்க வேண்டும். அதில் சாதி, மதம், தந்தை தொழில், திருமண நிலை ஆகிய கட்டங்கள் இருக்கக் கூடாது. அப்படிக் கேட்கும் நிறுவனத்துக்கு முகாமில் மேசை தரக் கூடாது. அரசு செலவில் நடக்கும் முகாமில் இந்த நிபந்தனையை விதிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள், மாணவர்களிடம் வாங்கும் படிவங்களிலும் இதைப் பின்பற்ற வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டப் பயிற்சிகளில், சுயவிவரம் எழுதுவதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு எல்லா அரசுக் கல்லூரி மாணவருக்கும் கிடைக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பெயர் குறித்த சந்துரு குழுப் பரிந்துரையை வேலைவாய்ப்புக் கோணத்திலிருந்தும் அரசு பார்க்க வேண்டும். அந்த முன்னொட்டு பள்ளிச் சான்றிதழ் வழியாக ஒருவரை 40 வயது வரை துரத்துகிறது.

ஃபேர்லேண்ட்ஸ் அலுவலகங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களில் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் சாதி என்று ஒரு கட்டம் இருந்தால், அது உங்கள் நிறுவனத்துக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த முறை படிவம் அச்சிடும்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரவுசிங் சென்டரில் கிடைக்கும் பழைய மாதிரியை விட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நீங்கள் இதுவரை செய்த வேலைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கூலி, பகுதிநேரம், சம்பளமில்லாத வேலை என்று தரம் பிரிக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு, ‘அனுபவம்: இல்லை’ என்று உங்கள் பழைய சுயவிவரத்தில் இருக்கும் வரியை அடித்துவிடலாம்.